கடைசிப் பூச்சு

சித்திரம் எழுதுகிறவர்களுக்கும் பொம்மை செய்கிறவர்களுக்கும் பொதுவான பயம் ஒன்று உண்டு. அது ஆரம்பத்தில் தோன்றுவதில்லை. வேலை முடியும் தறுவாயில்தான் வந்து நெஞ்சைப் பிடிக்கும். கடுகளவு, மிளகளவு உள்ள பாகங்களையெல்லாம் சாமணத்தால் பிடித்து ஒட்டி, இரண்டு மாதம் பாடுபட்டு, வர்ணம் தீட்டி, சின்னங்கள் பதித்து, ஒரு சிறு விமானத்தை உருவாக்கியாகிவிட்டது. இனி அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சுப் பூச வேண்டியதுதான் பாக்கி. புட்டியைத் திறந்து பார்த்தால் வார்னிஷ் தேனைப் போல் கெட்டியாக இருக்கிறது. எதைக் கலந்து அதை இளக்குவது?

கேட்பதற்கு அற்பமான கேள்விதான். ஆனால் இதற்குத் தப்பான விடை கண்டவர்களின் மேஜை மீது நான் பார்த்த காட்சிகள் அற்பமானவை அல்ல. சிறகின் வர்ணம் கரைந்து வழிந்திருக்கும். விமானியின் கண்ணாடிக் கூண்டு மோர் தெளித்தாற்போல் வெளுத்திருக்கும். பதித்த சின்னங்கள் காய்ந்த அப்பளம் போலச் சுருண்டு கிடக்கும். இவற்றில் எதையும் திருத்த முடியாது. வர்ணத்தில் பிழை வந்தால் மேலே இன்னொரு வர்ணம் பூசி மறைத்துவிடலாம். வார்னிஷில் பிழை வந்தால் எல்லோரும் பார்க்கும்படி பளபளவென்று மின்னிக்கொண்டிருக்கும்!

அளவு மாதிரி என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உண்மையான விமானத்தையோ கப்பலையோ எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் அங்கத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்வது இது. விமானங்களுக்கு மிகவும் வழக்கமான விகிதம் 72-ல் ஒரு பங்கு. அதாவது ஆறு அடி உயர மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாகிவிடுவான். 1936-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் 'ஃப்ராக் பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் விமானங்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பிறகு பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வந்து இந்தத் தொழிலைப் பெரிதாக்கிற்று. ஜப்பானில் ஷிஜுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-ல் 'யமாட்டோ' போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்டது. பின்னர் அதே நிறுவனம் வர்ணங்களும், வார்னிஷும், அதை இளக்கும் தின்னரும் விற்கலாயிற்று. இன்று உலகெங்கும் மாதிரி செய்வோர் வாயில் அடிக்கடி வரும் 'எக்ஸ் 22' என்ற சொல் அந்த நிறுவனத்தின் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷின் பெயர்தான்.

குழப்பமெல்லாம் 'அக்ரிலிக்' என்ற அந்த ஒரு வார்த்தையிலிருந்து கிளம்புகிறது.

அக்ரிலிக் என்பது ஒரு பிசினின் பெயர். ஆட்டோ ரோம் என்ற ஜெர்மன் ரஸாயன அறிஞர் 1901-ல் ட்யூபிங்கன் சர்வகலாசாலையில் இதன் மூலப் பொருள்களைப் பற்றித்தான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பட்டம் பெற்றார். ஆனால் அவர் 1907-ல் ஆட்டோ ஹாஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி முதலில் விற்றது தோல் பதனிடும் மருந்து. அதுவரையில் தோல் மிருதுவாவதற்கு நாயின் மலத்தைக் கரைத்து உபயோகித்து வந்தார்களாம். அந்தக் கஷ்டத்திலிருந்து தோல் தொழிலாளிகளை விடுவித்த புண்ணியம் அவருடையது. பிசினைத் தாளிப்பது போல் பல வருஷம் பக்குவப்படுத்தி, 1933-ல் கண்ணாடி போன்ற 'ப்ளெக்ஸிகிளாஸ்' வந்தது. 1953-ல் அமெரிக்காவிலிருந்த அதன் சகோதரக் கம்பெனி, அக்ரிலிக்கை ஜலத்தில் கலந்து வீட்டுச் சுவருக்குப் பூசும்படி செய்தது.

ஆகவே, ஒரே பிசின் மூன்று விதமான வேஷங்களில் புட்டிக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. வலுவான கரைப்பான்களில் முற்றும் கரைந்திருப்பது ஒன்று. இதை லாக்கர் என்பார்கள். ஆல்கஹாலிலும், ஜலத்தோடு இணங்கிப் போகும் வேறு சில கரைப்பான்களிலும் கரைந்திருப்பது மற்றொன்று. எக்ஸ் 22 இந்த வகை. கரையாமல், அணு போன்ற நுண்துளிகளாக ஜலத்தில் மிதப்பது மூன்றாவது. ஸ்பெயின் தேசத்து வலேஹோ முதலிய வர்ணங்கள் இந்த வகை. மூன்று புட்டியிலும் 'அக்ரிலிக்' என்றே அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்றாயிருந்தாலும் கோத்திரம் வேறு. வெல்லம் ஜலத்தில் கரைகிறது. அரக்கு சாராயத்தில் கரைகிறது. மெழுகு கற்பூரத் தைலத்தில் கரைகிறது. இவற்றை மாற்றிப் போட்டுப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் அக்ரிலிக் விஷயத்தில் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். "அக்ரிலிக்குக்கு எந்தத் தின்னர்?" என்று கேட்பதே பிசகு. "இந்தப் புட்டியிலுள்ள அக்ரிலிக் எதில் இருக்கிறது?" என்றுதான் கேட்க வேண்டும்.

மூன்றாவது வகையை முதலில் பார்த்துவிடுவோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது பாலைப் போன்றது. பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பது போல, இதில் பிசின் துளிகள் மிதக்கின்றன. அதனால்தான் புட்டியில் வெள்ளையாகத் தெரிகிறது. ஜலம் ஆவியாகப் போகப் போகத் துளிகள் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிக்கொண்டு ஒரே ஏடாகிவிடும். அப்போது வெண்மை மறைந்து கண்ணாடி போலாகும். பாலில் எலுமிச்சம் பழம் பிழிந்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். இந்த வகை வார்னிஷில் ஆல்கஹாலை ஊற்றினால் அநேகமாக அதே கதிதான்: திரிந்து, நூல் நூலாய்ப் போய், தூவும் கருவியின் ஊசித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். இதற்கு அந்த நிறுவனம் தரும் தின்னர் நல்லது. இல்லையேல் காய்ச்சி வடித்த ஜலம், அதாவது மோட்டார் பாட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அது போதும். கிணற்று ஜலமும் குழாய் ஜலமும் வேண்டாம்; உப்பு படியும். ஜலத்தையும் கால் பங்குக்கு மேல் சேர்க்காமலிருப்பது நலம். துளிகள் ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டால் ஏடு வலுவில்லாமல் போகும்.

எக்ஸ் 22 போன்ற இரண்டாவது வகையில்தான் விஷயம் ருசிக்கிறது. ஏனென்றால் இது மூன்று பக்கத்தாரோடும் உறவு கொண்டாடக்கூடியது. ஜலத்தை ஊற்றினாலும் கலக்கும். ஆல்கஹாலை ஊற்றினாலும் கலக்கும். லாக்கர் தின்னரை ஊற்றினாலும் கலக்கும். கலப்பதெல்லாம் நன்றாக அமையும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஜலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாமரை இலைமேல் தண்ணீர் உருண்டு ஓடுவதற்குக் காரணம் என்ன? இலையின் மெழுகு ஒரு காரணம். ஜலத்தின் மேற்பரப்பு இழுவிசை மற்றொரு காரணம். அந்த இழுவிசை ஸென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 72 டைன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலுக்கோ சுமார் 22 டைன்தான். பிளாஸ்டிக்கின்மீது ஜலம் முத்து முத்தாய்க் கூடும், ஆல்கஹால் படர்ந்துவிடும். ஜலம் சேர்த்த எக்ஸ் 22 மூலை முடுக்குகளில் தேங்கி, மேட்டில் விலகி, நடுநடுவே மீன் கண்களைப் போல் வட்ட வட்டமாக இடைவெளி விடுவதற்குக் காரணம் இதுதான். பாத்திரம் துலக்கும் ஸோப்பு ஒரு துளி விட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இழுவிசை குறைவது வாஸ்தவம். நுரை கிளம்புவதும் வாஸ்தவம்.

ஆல்கஹால் படர்கிறது, ஆனால் ஓடிவிடுகிறது. 82 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. நம் ஊர்ச் சித்திரை மாத வெயிலில் தூவும் கருவியிலிருந்து விமானத்தைச் சேர்வதற்குள்ளேயே பாதி ஆவியாகிவிடும். வார்னிஷ் துளிகள் விழுந்த இடத்தில் பரவிச் சமமாவதற்கு நேரமில்லாமல், அப்படியே உறைந்து, கமலாப் பழத் தோல் போல் சொரசொரப்பாக நிற்கும். இதைத் தெரிந்துதான் தமியா நிறுவனத்தார் தங்கள் 'எக்ஸ் 20ஏ' தின்னரில் ஆல்கஹாலோடு ஜலமும், மெதுவாக உலரும் க்ளைகால் ஈதர் என்ற திரவமும் சேர்த்திருக்கிறார்கள். ஆல்கஹால் முதலில் போய்விடும். மற்றவை சற்றுத் தங்கி வார்னிஷைச் சமப்படுத்திவிட்டுப் போகும். கல்யாண வீட்டில் விருந்தாளிகளெல்லாம் போன பிறகு, பந்தல் பிரிக்கும் வரையில் தங்கியிருந்து பாத்திரங்களைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மாமாவைப் போன்றது அந்த ஈதர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே நிறுவனத்தார் 'எக்ஸ் 20' என்று இன்னொரு புட்டியும் விற்கிறார்கள். அது எனாமல் வர்ணத்துக்கு உரிய தின்னர், அக்ரிலிக்கோடு சேராது. 'ஏ' என்ற ஓரெழுத்துதான் வித்தியாசம். கடைக்காரர்கள் அந்த எழுத்தை மதிப்பதில்லை.

மூன்றாவது மார்க்கம் லாக்கர் தின்னர். ஜப்பானிலுள்ள ஜி.எஸ்.ஐ. கிரியோஸ் என்ற நிறுவனத்தார் 'லெவலிங் தின்னர்' என்று ஒன்று செய்கிறார்கள். உலர்வதைத் தாமதப்படுத்தும் சரக்கு அதில் சேர்ந்திருக்கிறது. எக்ஸ் 22-ஐ இதில் கலந்து தூவினால், நிலைக் கண்ணாடி போன்ற பளபளப்புக் கிட்டும் என்பதில் அனுபவஸ்தர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. நானும் பார்த்திருக்கிறேன், உண்மை. ஆனால் இந்தத் திரவத்துக்குப் பல் உண்டு. அடியிலுள்ள வர்ணத்தைக் கடித்துப் பிடிப்பதால்தான் அவ்வளவு நன்றாக ஒட்டுகிறது. கொஞ்சம் அதிகமாய் ஈரப்பட்டால் வர்ணத்தையே கடித்துத் தின்றுவிடும்.

இந்தச் சங்கடம் எப்படிப்பட்டதென்பதற்கு என் வகுப்பில் பத்தாவது படிக்கும் பிள்ளை ஒருவனுடைய காரியத்தைச் சொல்கிறேன். அவனுடைய தாத்தா பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 'நாட்' என்ற சிறிய போர் விமானத்தை இங்கிலாந்திலிருந்து உரிமை பெற்று அங்கே செய்து வந்த காலம் அது. 1965-ஆம் வருஷப் போரில் பெயரெடுத்த விமானம் என்பது பலருக்கு நினைவிருக்கும். தாத்தா ஊருக்கு வரும்போது கையில் கொடுக்க வேண்டுமென்று பையன் 72-ல் ஒரு பங்கு அளவில் அந்த விமானத்தைச் செய்தான். நீளம் சுமார் 12 ஸென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். உடல் முழுதும் வெள்ளி வர்ணம். சிறகுகளில் காவியும் வெண்மையும் பச்சையுமான நம் விமானப் படையின் வட்டச் சின்னம். வார்னிஷ் வாங்கிவிட்டான், தின்னர் கிடைக்கவில்லை. தாத்தா வர ஒன்பது நாள்தான் இருந்தது.

"ஸார், வீட்டிலேயே கை கழுவும் ஸானிடைஸர் பாட்டில் இருக்கிறது. அதுவும் ஆல்கஹால்தானே?" என்று கேட்டான்.

கெட்டிக்காரத்தனமான கேள்வி. 2020-ல் கொரோனா வந்த பிறகு அந்தப் புட்டி இல்லாத வீடு ஏது? ஆனால் அதில் இருப்பது வெறும் ஆல்கஹால் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தார் வெளியிட்ட செய்முறைப்படி, 75 பங்கு ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலோடு, கைத் தோல் வறளாமலிருக்க 1.45 பங்கு கிளிஸரின் சேர்க்கிறார்கள். கிளிஸரின் எளிதில் உலரும் வஸ்துவல்ல. வார்னிஷுக்குள் தங்கிப் பிசுபிசுக்கும். களி போலிருக்கும் ஸானிடைஸரில் சேர்ப்பதோ கார்போமர் என்ற பொருள். வேடிக்கை என்னவென்றால் அதுவும் அக்ரிலிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உறவாயிருந்தும் உதவாத உறவு!

அவன் போன வர்ணக் கடையில், "என்.ஸி. தின்னர் வாங்கிக்கொண்டு போ, தம்பி, எல்லாவற்றுக்கும் அதுதான்" என்று சொல்லி ஒரு தகர டப்பாவைக் கொடுத்திருந்தார்கள். மேஜை நாற்காலிகளுக்கு அடிக்கும் நைட்ரோ ஸெல்லுலோஸ் லாக்கருக்காகச் செய்த தின்னர் அது. அதில் என்னென்ன கலந்திருக்கிறதென்பது டப்பாவுக்கு டப்பா மாறும். டொலுயீன், அஸிடோன் போன்றவை இருந்தால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கே இளகிவிடும். மர நாற்காலிக்கு அந்தப் பயமில்லை. கடைக்காரர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை; அவர் பார்த்ததெல்லாம் நாற்காலி.

நான் பையனிடம் விடையைச் சொல்லவில்லை. கல்யாணச் சத்திரங்களில் ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கிறார்களே, அந்த மொறமொறப்பான பிளாஸ்டிக் கரண்டிகளில் ஆறு கொண்டுவரச் சொன்னேன். அவற்றில் பல பாலிஸ்டைரீனால் ஆனவை. விமானத்தின் பிளாஸ்டிக்கும் அதே. விமானத்துக்கு அடித்த அதே வெள்ளி வர்ணத்தைக் கரண்டிகளின் குழிவில் அடித்து, இரண்டு நாள் உலரவிட்டு, மிஞ்சிய சின்னங்களில் ஒவ்வொரு துண்டைப் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தின்னர் கலந்த வார்னிஷைத் தூவச் சொன்னேன். காம்பில் மையினால் பெயரும் எழுதி வைத்தான். பள்ளிக்கூடத்து ரஸாயன சாலையில் ஒரு வருஷம் கற்காததை அந்த ஆறு கரண்டியில் அவன் கற்றான்.

ஜலம் கலந்தது முத்து முத்தாய் நின்றது. ஸானிடைஸர் கலந்தது மறுநாளும் விரலில் ஒட்டிற்று. என்.ஸி. தின்னர் கலந்ததோ பயங்கரம்: வெள்ளி வர்ணம் மேகம் கலைவது போல் சுழித்துப் போயிற்று, சின்னம் சுருண்டது, கரண்டியின் வெறுமையாயிருந்த ஓரம் பனி பூத்தாற்போல் வெளுத்தது. மருந்துக் கடை ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் பரவாயில்லை. ஆனால் கமலாத் தோல். சிநேகிதன் ஒருவனிடமிருந்து சொட்டு மருந்துப் புட்டியில் கொஞ்சம் இரவல் வாங்கி வந்த எக்ஸ் 20ஏ கலந்த கரண்டி நன்றாக வந்தது. ஆறாவது கரண்டியில் வார்னிஷே பூசவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அது.

வெள்ளி வர்ணத்தில் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. அதில் இருப்பவை அலுமினியத்தின் நுண்ணிய செதில்கள். அவை படுத்திருக்கும் விதத்தில்தான் உலோகத்தின் ஜொலிப்பு இருக்கிறது. மேலே பூசும் வார்னிஷின் தின்னர் அடியிலுள்ள பிசினை இளக்கிவிட்டால், செதில்கள் புரண்டு எழுந்துவிடும். ஜொலிப்புப் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். பையனுடைய வெள்ளியும் அதே தமியா அக்ரிலிக். ஆல்கஹாலுக்கே இளகும் ஜாதி. ஆகையால் எக்ஸ் 20ஏ-ஐக்கூட எடுத்தவுடன் ஈரமாகத் தூவக் கூடாது. தூரிகையால் தேய்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. முதலில் பனி விழுவது போல் இரண்டு தடவை மெல்லத் தூவி, கால் மணி நேரம் விட்டு விட்டு உலர்த்தி, அந்த மெல்லிய கவசத்தின்மேல்தான் ஈரப் பூச்சுக் கொடுக்க வேண்டும். வெள்ளியை லாக்கர் வகையில் அடித்து நன்றாய் உலரவிட்டிருந்தால், இந்தக் கவலை பாதி குறைந்திருக்கும். ஆல்கஹால் அதைச் சுலபத்தில் அசைக்காது.

வெளியூருக்கு எழுதி வரவழைத்த தின்னர் எரியும் திரவமானபடியால் ஆகாய மார்க்கமாக வராமல் லாரியில் வந்தது. ஒன்பது நாள் கடந்து, தாத்தாவும் வந்து சேர்ந்துவிட்டார். பையன் முகம் வாடிப் போயிற்று. பெரியவர் விஷயத்தைக் கேட்டுக் கரண்டிகளை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திரும்புவதற்கு வாங்கியிருந்த ரயில் டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப் போட்டுக்கொண்டார். தின்னர் வந்த அன்று ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் எட்டப் பிடிடா, கண்ணா! கையை நிறுத்தாதே. ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் துளி விமானத்து மேலே விழக் கூடாது, வெளியே விழணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பையன் அடுத்த நாள் இதை என்னிடம் சொன்னபோது, பழைய தொழிலாளி என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சின்னத்தின் நடுவிலிருக்கும் வெண்மைக்காகவும் அக்ரிலிக் வேண்டியிருக்கிறது. எண்ணெய் சேர்ந்த பழைய வார்னிஷும், நைட்ரோ ஸெல்லுலோஸ் லாக்கரும் வருஷம் செல்லச் செல்லப் பழுப்பேறும். காவிக்கும் பச்சைக்கும் அதனால் பெரிய நஷ்டமில்லை. நடுவிலுள்ள வெள்ளை மஞ்சளாகிவிட்டால் கொடியே மாறிவிட்டது போலிருக்கும். அக்ரிலிக் பழுப்பேறுவது மிகக் குறைவு. பொருட்காட்சிசாலைகளில் பழைய கலைப் பொருள்களைப் பாதுகாப்போர் 'பாரலாய்டு பி 72' என்ற அக்ரிலிக் பிசினை நம்பியிருப்பதற்கும் அதுவே முக்கியமான காரணம். அவர்களுக்கும் இதே தின்னர்ப் பிரச்னைதான். அஸிடோனில் கரைத்தால் வெகு சீக்கிரம் உலர்ந்து, குமிழியும் இழையும் விடுகிறது. டொலுயீனில் கரைத்தால் மெதுவாக உலர்ந்து வழவழப்பாகப் படிகிறது. ஆனால் டொலுயீன் உடம்புக்கு ஆகாது. பெரிய சாலையில் உள்ள பண்டிதருக்கும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் ஒரே இக்கட்டு.

லாக்கர் என்ற சொல்லைப் பற்றி ஒரு சங்கதி. அது நம் நாட்டிலிருந்து புறப்பட்டுப் போன வார்த்தை. ஸம்ஸ்கிருதத்தில் 'லாக்ஷா' என்றால் அரக்கு. அது போர்ச்சுகீசியர் வாயில் 'லாக்கா' ஆகி, ஐரோப்பாவெங்கும் சுற்றி, லாக்கராகத் திரும்பி வந்திருக்கிறது. பாண்டவர்களுக்காகத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையும் அந்த அரக்கினால் ஆனதுதான். மைசூர்ப் பக்கம் சென்னபட்டணத்தில் மரப் பொம்மைகளைக் கடைசலில் சுற்றவிட்டு, வர்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகிப் படிந்துவிடுகிறது. தின்னர் என்ற தொல்லையே அவர்களுக்குக் கிடையாது!

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மேஜைக்குப் பூசும் பிரெஞ்சுப் பாலீஷ் பலர் வீட்டில் நடந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் அந்த வேலை வேண்டாமென்று அனுபவமுள்ள தச்சர் மறுத்துவிடுவார். பூசினால் பாலீஷ் வெளுத்துப் போகும். வார்னிஷ் வெளுப்பதும் அதே காரணத்தால்தான். வேகமாக ஆவியாகும் திரவம் தான் போகும்போது மேற்பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில், ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் போல, காற்றிலுள்ள ஈரம் படிகிறது. உலராத வார்னிஷுக்குள் அந்த ஈரம் சிக்கிக்கொண்டு பால் நிறம் காட்டுகிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இது சகஜம். மழை நாளில் தூவாமலிருப்பது முதல் மருந்து. அவசரமென்றால் உலர்வதைத் தாமதப்படுத்தும் 'ரிடார்டர்' சில துளி சேர்க்கலாம். வெளுத்துப் போன இடத்தில், நன்றாக இளக்கிய வார்னிஷை ஈரமில்லாத நாளில் இன்னொரு மெல்லிய பூச்சுத் தூவினால் பல சமயம் தெளிந்துவிடும்.

பளபளப்பில்லாத மட்டமான வார்னிஷ் வேறு கதை. அதில் ஸிலிகா என்ற நுண்பொடி கலந்திருக்கும். வெளிச்சத்தைச் சிதற அடிப்பது அந்தப் பொடிதான். அது புட்டியின் அடியில் தங்கிவிடுமாகையால், தின்னர் எதுவாயிருந்தாலும் முதலில் ஐந்து நிமிஷம் கலக்க வேண்டும், குலுக்குவது போதாது. கனமாகப் பூசினால் கறுப்பு வர்ணத்தின்மேல் விபூதி பூசியது போலிருக்கும். சின்னம் பதிப்பதற்கு முன் பளபளப்பு வார்னிஷ், பதித்த பின் மட்ட வார்னிஷ் என்பது வழக்கம். சொரசொரப்பான பரப்பில் சின்னத்தை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்துப் போகும்.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், எக்ஸ் 22 ஒரு பங்குக்கு அதன் தின்னர் ஒரு பங்கு என்று ஆரம்பிக்கலாம். பதம் கண்ணுக்குத் தெரியும்: கிண்ணத்தின் ஓரத்தில் கலவையை ஏற்றி விட்டால், ஆடையெடுத்த பால் போல் மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். எண்ணெய் போல் சோம்பி இறங்கினால் இன்னும் கொஞ்சம் தின்னர். சுவடே இல்லாமல் ஓடினால் கொஞ்சம் வார்னிஷ். காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு இருந்தால் போதும். இரண்டு நாள் தொடாமல் வைத்திருப்பது உத்தமம். கை ரேகை பதிப்பதற்கு உலர்ந்தும் உலராத வார்னிஷைப் போன்ற ஸாதனம் போலீஸ் இலாகாவிலும் கிடையாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் செய்யும் வேலையானபடியால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி உஷ்ணத்திலேயே நெருப்பைப் பற்றிக்கொள்ளும். நம் ஊரில் எந்த நாளும் அதற்குமேல்தான். ஸ்வாமி விளக்கும் காஸ் அடுப்பும் எரியும் இடத்துக்கு அருகில் தூவலாகாது. மூக்கில் கட்டும் துணி வர்ணத்தூளைத் தடுக்கும். தின்னரின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்தூள் அடைத்த முகமூடி வேண்டும். ஜலத்தில் கலக்கும் வார்னிஷ்தானே என்று அலட்சியமாயிருப்பதும் தப்பு. தூவிய பிசின் துளி சுவாசப் பைக்குள் போனால் அங்கேயும் உலர்ந்து ஏடாகத்தான் படியும். ஜன்னலைத் திறந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வரும்படி உட்கார்ந்துகொள்ளட்டும்.

வேலை முடிந்ததும் தூவும் கருவியை உடனே கழுவிவிட வேண்டும். வார்னிஷை இளக்கச் சாதுவான தின்னர் தேவை. கருவியைக் கழுவ முரட்டுத் தின்னரே மேல். பையன் வாங்கி வந்த அந்த என்.ஸி. தின்னர் டப்பா இதற்கு உபயோகமாயிற்று. ஊசியும் மூக்கும் உலோகமாதலால் பாதகமில்லை, ரப்பர் வளையங்களை மாத்திரம் அதில் ஊறவிடக் கூடாது. கலந்து மிஞ்சியதைத் திரும்பப் புட்டியில் ஊற்ற வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். பழைய துணியில் நனைத்துத் திறந்த வெளியில் உலரவிட்டுக் குப்பையில் போடலாம். புட்டியின் வாயை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை மூடியைத் திறக்கக் கொறடு தேட நேரும்.